பாலக்காடு மணி ஐயர்: வாசிக்காமல் இருக்கவும் தெரிந்த மிருதங்க மேதை

உங்களுக்குப் பிடித்த ஒரு ஜாஸ் ஃப்யூஷன் பாட்டை எடுத்து, அதிலிருந்து டிரம்ஸை மட்டும் கழற்ற வேண்டும் என்றால் இன்றைக்கு ஸ்டூடியோ தேவையில்லை. போனில் ஒரு ஆப் போதும், சில நிமிட வேலை. கிட்டார், பேஸ், கீபோர்டு எல்லாம் அப்படியே ஓடும். டிரம்ஸ் இருந்த இடம் மட்டும் காலியாக இருக்கும். அங்கே நீங்கள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

வாரம் முழுக்க லேப்டாப், சனி ஞாயிறு மட்டும் டிரம் கிட் என்று வாழ்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் முதல் முறை அந்தக் காலி இடத்தில் உட்காரும்போது பெரும்பாலானோர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம்: கற்றுக்கொண்ட அத்தனையையும் கொட்டிவிடுகிறோம். பாட்டு எங்கே போனது என்றே தெரியாது.

எதை வாசிப்பது, எதை விடுவது? எந்த ஆப்பும் இதற்குப் பதில் சொல்லாது. ஆனால் இந்த ஒரு கேள்வியோடு ஐந்து பத்தாண்டுகளுக்கு மேல் மேடையில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் வாழ்க்கை பதில் சொல்லும். அவர் ஜாஸ் வாசித்தவர் இல்லை. மிருதங்கம் வாசித்தவர். பெயர், பாலக்காடு டி.எஸ். மணி ஐயர்.

யார் இந்த மணி ஐயர்?

'ஜீன்ஸ்' படத்தில் 'கண்ணோடு காண்பதெல்லாம்' பாடிய நித்யஸ்ரீ மகாதேவனைத் தெரியுமல்லவா? அவருடைய அம்மாவின் அப்பாதான் மணி ஐயர். அப்பாவின் அம்மா, டி.கே. பட்டம்மாள்.

1912 ஜூன் மாதம், இன்றைய கேரளத்தின் திருவில்வாமலை வட்டாரத்தில் உள்ள பழையன்னூரில் பிறந்தார். இயற்பெயர் ராமசுவாமி. அப்பா சேஷம் பாகவதர். வீட்டில் பேசியது தமிழ், ஊரில் கேட்டது செண்டை. இந்த இரண்டாவது விஷயம் முக்கியம். பாலக்காட்டைச் சுற்றியுள்ள கோயில்களில் தாயம்பகை, பஞ்சவாத்தியம் என்று தாளம் மட்டுமே மணிக்கணக்கில் நடக்கும். நவீன பஞ்சவாத்தியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மத்தளக் கலைஞர் வெங்கிச்சன் சுவாமியும் திருவில்வாமலைக்காரர்தான். ஆக, பாட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதுதான் தாளம் என்ற எண்ணமே இல்லாத ஒரு மண்ணில் வளர்ந்த பையன் இவர்.

சாத்தபுரம் சுப்பையரிடமும் கல்பாத்தி விஸ்வநாத ஐயரிடமும் ஆரம்பப் பாடம். பிறகு அதே பகுதியைச் சேர்ந்த செம்பை வைத்தியநாத பாகவதர் இவரைத் தன் கச்சேரிகளுக்கு அழைத்துப் போனார். 1920-களின் நடுவில், பதின்ம வயதைத் தொட்டும் தொடாத பையனாக, சென்னை ஜகந்நாத பக்த சபையில் செம்பைக்கு வாசித்தார். அதற்குப் பிறகு சென்னை அவரை விடவில்லை.

புகழ் வந்த பிறகும் படிப்பை நிறுத்தவில்லை என்பது இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம். ஏற்கெனவே மேடையில் பெயர் வாங்கிய நிலையில் தஞ்சாவூர் போய், வைத்தியநாத ஐயரிடம் மாணவராகச் சேர்ந்தார். திருவனந்தபுரத்தை ஒட்டிய நெய்யாற்றின்கரையில் பிறந்த டி.கே. மூர்த்தியும் அதே குருவின் வீட்டில் வளர்ந்தவர். கேரளத்துக் காது, தஞ்சாவூர்க் கை. இரண்டும் சேர்ந்த இடம் மணி ஐயர்.

24 அடி, 8 மௌனம்

அப்படி என்ன வித்தியாசமாக வாசித்தார்? ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும்.

ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்தால் 32 மாத்திரை. இப்போது 8 மாத்திரை உள்ள ஒரு சொற்கட்டை எடுத்து மூன்று முறை வாசியுங்கள். 24 ஆகிறது. 32-க்கு இன்னும் 8 குறைகிறது. அந்த 8-ஐ எங்கே வைப்பது? முதல் முறைக்கும் இரண்டாவது முறைக்கும் நடுவே 4, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே 4. அதாவது 8 + 4 + 8 + 4 + 8 = 32. சரியாக சமத்தில் வந்து விழும்.

இப்படி மூன்று முறை வாசித்து முடிப்பதை மோரா என்பார்கள். நடுவில் வரும் அந்த 4-க்குப் பெயர் கார்வை. அங்கே புதிதாக ஒரு அடியும் விழாது. ஆனால் அதை விட்டுவிட்டால் கணக்கு இடிந்துவிடும். மௌனத்துக்கும் எண் உண்டு என்பது கர்நாடகத் தாளத்தின் அடிப்படை.

எல்லா மிருதங்கக்காரர்களுக்கும் இது தெரியும். ஆனால் பலருக்குக் கார்வை என்பது தனி ஆவர்த்தனத்தில் போடும் கணக்கு, அவ்வளவுதான். மணி ஐயர் இதைப் பாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். பாடகர் பல்லவியில் ஒரு சொல்லை நீட்டும்போது கையைக் குறைப்பார். அனுபல்லவி மேலே ஏறும்போது சொல் அடர்த்தியாகும். சாகித்யம் முடியும் இடத்தில் சட்டென்று நிறுத்தி, அந்த நிசப்தத்தில் பாட்டின் கடைசி எழுத்து தெளிவாகக் கேட்க விடுவார். இடது பக்கத்தில் எழும் கும்கி ஒலியை எங்கே வைக்கிறார் என்று கேட்டாலே, பாட்டின் எந்த வார்த்தை அவருக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சுருக்கமாக, தாளத்தை மட்டும் வாசிக்காமல் கீர்த்தனையையே வாசித்தார். அதற்கு முதல் நிபந்தனை, நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் பாடகருக்குத் தெரிந்த அளவு இவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர், ஜி.என். பாலசுப்பிரமணியம் என்று ஒருவருக்கொருவர் கொஞ்சமும் சம்பந்தமில்லாத பாணிகளுக்கு வாசித்தவர் அவர்.

மேடையில் அவருக்குச் சமமாக நின்ற இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும்: பழனி சுப்பிரமணிய பிள்ளை. புதுக்கோட்டை வழியில் வந்தவர், இடது கை வாசிப்பாளர். மணி ஐயர் மிருதங்கமும் பழனி கஞ்சிராவும் சேர்ந்தால் அந்தக் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்துக்காகவே ஆட்கள் வருவார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவரின் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

மைக் வேண்டாம் என்றவர்

1930-களிலிருந்து கச்சேரி மேடைகளில் ஒலிபெருக்கி பரவலானது. பாடகர்களுக்கு நிம்மதி, தொண்டையைக் கிழிக்க வேண்டாம். சபாக்களுக்கும் லாபம், பெரிய கூட்டத்தைக் கூட்டலாம். மணி ஐயருக்கு மட்டும் இதில் உடன்பாடில்லை. ஒரு கட்டத்தில், மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்றே நிலைப்பாடு எடுத்தார். வாய்ப்புகள் போனாலும் பரவாயில்லை என்று இருந்தார்.

பழமைவாதம் என்று எளிதாகத் தள்ளிவிடலாம். ஆனால் அவர் வாசிப்பு எதில் நின்றது என்று யோசியுங்கள். மெல்லிய அடிக்கும் வலுத்த அடிக்கும் நடுவே உள்ள பத்துப் பதினைந்து படிகளில். 1930-40-களின் மைக்கும் ஒலிபெருக்கியும் அந்தப் படிகளை எல்லாம் நசுக்கி இரண்டாக்கிவிடும்: கேட்கிறது, காது கிழிகிறது. இன்றைய பாஷையில் சொன்னால், டைனமிக் ரேஞ்ச் போய்விடும். அவர் சண்டை போட்டது அதற்காக.

ஆனால் அவர் எடுத்த எல்லா நிலைப்பாடுகளையும் இப்படி நியாயப்படுத்திவிட முடியாது. நீண்ட காலம் அவர் பெண் பாடகர்களுக்கு வாசிக்கவில்லை. அந்தக் காலத்து முன்னணி மிருதங்கக்காரர்கள் பலரின் வழக்கம் அது. அவர் முதன்முதலில் வாசித்த பெண் பாடகர் டி.கே. பட்டம்மாள். பிறகு மணி ஐயரின் மகள் லலிதா, பட்டம்மாளின் மகன் சிவகுமாரைத் திருமணம் செய்துகொண்டார். அவர்களின் மகள்தான் நித்யஸ்ரீ. கேட்கும் காது யாருக்காகத் திறந்திருந்தது, யாருக்காக மூடியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் ஒரு மேதையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த ஒலியைச் செய்தது யார்?

மணி ஐயரின் மிருதங்க ஒலி என்று நாம் சொல்லும் அந்த ஒலிக்கு இன்னொரு சொந்தக்காரரும் உண்டு. பர்லாந்து. தஞ்சாவூரைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவ மிருதங்கத் தயாரிப்பாளர்.

மிருதங்கம் என்பது பலா மரமும் தோலும். ஆட்டுத் தோல், மாட்டுத் தோல், எருமைத் தோல் மூன்றும் வேண்டும். வலது பக்கம் கரணை, அதாவது சோற்றோடு கிட்டக்கல் பொடியைக் குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் அந்தக் கறுப்பு வட்டம். இடது பக்கம் வாசிப்பதற்கு முன் அப்பும் ரவைப் பசை. தோலின் தடிமன் கொஞ்சம் மாறினாலும், கரணை ஒரு அடுக்கு கூடினாலும் குரல் மாறிவிடும். மணி ஐயர் என்ன ஒலி வேண்டும் என்று தேடினார். பர்லாந்து அதைத் தோலில் கண்டுபிடித்துக் கொடுத்தார். பல ஆண்டுகள் இருவரும் சேர்ந்து செய்த சோதனை அது.

ஆனால் ஒருவர் பெயர் சபா நோட்டீஸில் வந்தது, இன்னொருவர் பெயர் பட்டறையோடு நின்றது. டி.எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகம்தான் இந்தக் குடும்பங்களின் கதையைப் பெரிய வாசகர் கூட்டத்துக்குக் கொண்டுவந்தது. அதன் வெளியீட்டுக்கு முதலில் அனுமதி தந்த கலாக்ஷேத்ரா பின்னர் அதைத் திரும்பப் பெற்றது. யாருடைய உழைப்பு கலை, யாருடையது வெறும் வேலை என்ற கேள்வி இன்னும் ஆறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

1965, 1966

1965-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவுக்கு கே.வி. நாராயணசாமி, லால்குடி ஜெயராமன் ஆகியோரோடு மணி ஐயர் போனார். கர்நாடக இசைக்கு ஐரோப்பிய மேடை அரிதாக இருந்த காலம்.

அடுத்த ஆண்டு, 1966-ல், மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. அந்த விருதைப் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர் அவர்தான். இதற்கு முன் 1956-ல் சங்கீத நாடக அகாடமி விருது, பிறகு 1971-ல் பத்ம பூஷண்.

இந்த 'முதல்' வெறும் பொது அறிவுத் தகவல் இல்லை. கலாநிதி என்றால் அந்த ஆண்டு மாநாட்டின் தலைமை நாற்காலி. பக்கவாத்தியக்காரர் என்று எப்போதும் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்ட ஒருவர் நடுவில் உட்கார்ந்தார். எவ்வளவு வாசித்தார் என்பதற்காக அல்லாமல், எவ்வளவு கேட்டார் என்பதற்காகவும் ஒருவருக்குக் கிடைத்த இடம் அது.

சரி, ஜாஸ் ஃப்யூஷன் எங்கே வந்தது?

இங்கே ஒரு கிட்டார்காரரைப் பின்தொடர்ந்தால் போதும்: ஜான் மெக்லாஃப்லின்.

1969-ல் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலண்ட் வே' ஆல்பத்தில் அவர் வாசித்தார். அதில் டிரம்ஸ், டோனி வில்லியம்ஸ். 1963-ல், 17 வயதில் மைல்ஸ் குழுவில் சேர்ந்து ஜாஸ் டிரம்மிங்கையே புரட்டிப்போட்டவர், 1997-ல் மறைந்தார். நாலு கையால் வாசிக்கிறாரா என்று சந்தேகம் வரும் அளவு வேகம் உள்ளவர். ஆனால் இந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தில், சுமார் 18 நிமிடம், பெரும்பாலும் ஹை-ஹாட்டை மட்டும் சன்னமாகத் தட்டிக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். மற்றவர்கள் அதன் மேல் மிதப்பார்கள். அதே ஆண்டு அவர் தொடங்கிய 'லைஃப்டைம்' குழுவைக் கேட்டால், அதே கை இடி இடிக்கும். அங்கேயும் கிட்டார் மெக்லாஃப்லின்தான்.

அதே மெக்லாஃப்லின் பிறகு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். 1970-களின் நடுவில் 'சக்தி' குழு உருவானது. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம். முதல் ஆல்பத்தில் மிருதங்கம், ராம்நாடு ராகவன். டிரம் கிட்டே இல்லாத ஃப்யூஷன். அந்தக் குழுவின் 'திஸ் மொமென்ட்' 2024-ல் கிராமி வாங்கியபோது உங்கள் டைம்லைன் முழுக்க அதுதான் ஓடியிருக்கும்.

மணி ஐயர் அந்தக் குழுவில் இல்லை. டோனி வில்லியம்ஸை அவர் பாணியோடு முடிச்சுப் போடவும் வேண்டாம். ஆனால் இரண்டு பேரையும் அடுத்தடுத்து கேட்டால் ஒன்று பிடிபடும்: அடக்கி வாசிக்கத் தெரிந்ததால்தான் அவர்கள் வெடிக்கும்போது அதற்கு அர்த்தம் இருக்கிறது.

டிராக் செய்வது எப்படி?

ஒரு வாத்தியத்தை விட்டுவிட்டுப் பதிவு செய்யும் யோசனை புதிதில்லை. அமெரிக்காவில் 1950-லேயே 'மியூசிக் மைனஸ் ஒன்' நிறுவனம் அப்படி இசைத்தட்டுகள் போட ஆரம்பித்தது. ஏற்கெனவே கலந்துவிட்ட பாட்டிலிருந்து பிரித்தெடுப்பதுதான் புதுசு. 2019-ல் டீசர் நிறுவனம் 'ஸ்ப்ளீட்டர்' மென்பொருளை இலவசமாகத் திறந்துவிட்டது. ஃபேஸ்புக் ஆய்வாளர்களின் 'டெமுக்ஸ்' அதே வேலையைச் செய்கிறது. இன்றைய ஆப்கள் பலவும் இதே வகைத் தொழில்நுட்பத்தில்தான் ஓடுகின்றன.

ஜாஸ் ஃப்யூஷன் பாட்டுக்கு இவை நன்றாகவே வேலை செய்யும். நான்கு குறிப்புகள்:

1. டிரம்ஸை உடனே பூஜ்யமாக்காதீர்கள். முதலில் பாதியாகக் குறைத்து, அதோடு சேர்ந்து வாசியுங்கள். பிறகு முழுதாக எடுங்கள்.

2. பாட்டு தொடங்கும் முன் ஒரு சுற்று எண்ணிக்கையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுப் பாட்டுக்கும் மெட்ரோனோம் போட்டால் பேஸைக் கேட்க மாட்டீர்கள், கிளிக்கைத்தான் கேட்பீர்கள்.

3. சுருதி மாறாமல் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. உங்கள் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவெளியில் ஏற்றினால் காப்புரிமைப் பிரச்சினை வரும்.

ஆனால் இதே ஆப்பில் ஒரு மணி ஐயர் கச்சேரியைப் போட்டுப் பாருங்கள். மிருதங்கம் முழுசாகப் போகாது. கொஞ்சம் 'டிரம்ஸ்' பக்கம், கொஞ்சம் 'பேஸ்' பக்கம், மீதி குரலோடு ஒட்டிக்கொண்டு வரும். இதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, தரவு. இந்த மென்பொருள்களைப் பழக்கவும் சோதிக்கவும் பரவலாகப் பயன்படும் 'மியூஸ்டிபி18' தொகுப்பில் இருப்பது 150 பாட்டுகள். குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்கே பெட்டிகள். மேற்கத்திய பாப், ராக் பாட்டுகளுக்கான பெட்டிகள் அவை. மிருதங்கத்துக்கு அதில் இடமே இல்லை. பார்சிலோனாவின் பாம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'சரகா' தொகுப்பில் கர்நாடகக் கச்சேரிகளின் தனித்தனி மைக் பதிவுகள் இருக்கின்றன. ஆனால் எல்லோரும் ஒரே மேடையில் இருப்பதால் ஒருவர் மைக்கில் இன்னொருவர் கசிகிறார்.

இரண்டாவது, இயற்பியல். சாதாரண டிரம்முக்குத் தெளிவான சுருதி கிடையாது. மிருதங்கத்துக்கு உண்டு, அதைப் பாடகரின் சுருதிக்கே சேர்க்கிறார்கள். கரணையின் எடைதான் அந்தத் தோலை ஒரு தந்தி போல இசையொலி எழுப்ப வைக்கிறது என்று 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதியவர், நம் சி.வி. ராமன். பாடகரின் குரலும் தம்புராவும் மிருதங்கமும் ஒரே சுருதியில் நிற்கும்போது ஏஐ எதை எங்கிருந்து பிரிக்கும்?

அதனால் மிருதங்கம், கஞ்சிரா, கடம் பயில்பவர்களுக்கு நல்ல வழி பழைய வழிதான். பாடத் தெரிந்த நண்பரை உட்கார வையுங்கள். தம்புரா ஆப்பைப் போடுங்கள். கையால் தாளம் போட்டு ஒரு கீர்த்தனையைப் பாடச் சொல்லி, போனில் பதிவு செய்யுங்கள். மூச்சு விடும் இடம், இழுக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கும்.

எப்படிக் கேட்பது?

வாசிப்பதற்கு முன் கேட்க வேண்டும். அதற்கு ஒரு நீண்ட பயணம் நல்லது. டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர் என்றால் பொன்முடி இருக்கவே இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கல்லாறு வரை ஓரளவு நேரான சாலை, பிறகு 22 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியை நண்பர் ஓட்டட்டும்.

கல்லாறு வரை 'இன் எ சைலண்ட் வே' முதல் பக்கம். ஹை-ஹாட்டை மட்டும் கவனியுங்கள். வளைவுகள் தொடங்கியதும் மணி ஐயர் வாசித்த ஒரு பழைய கச்சேரியில் ஒரே ஒரு கீர்த்தனை. பதிவு கரகரக்கும், பரவாயில்லை. முதல் முறை பாட்டைக் கேளுங்கள். இரண்டாவது முறை கும்கியை மட்டும். மூன்றாவது முறை, அவர் கை நிற்கும் இடங்களை விரல் விட்டு எண்ணுங்கள். உச்சியில் இறங்கும்போது, எத்தனை அடி விழுந்தது என்பதைவிட எத்தனை இடத்தில் விழவில்லை என்பது நினைவில் இருந்தால் பயணம் வீண் போகவில்லை.

கடைசி ஆண்டுகள்

பிற்காலத்தில் ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியிலும் சில காலம் கற்றுக்கொடுத்தார். பாலக்காடு ரகு, உமையாள்புரம் சிவராமன், சொந்த மகன் டி.ஆர். ராஜாமணி என்று மாணவர்கள் அவர் வழியை ஆளுக்கொரு பக்கம் எடுத்துப் போனார்கள். மூவரும் மூன்று மாதிரி வாசித்தார்கள் என்பதே நல்ல ஆசிரியர் என்பதற்கு அடையாளம். 1981 மே மாதம் மணி ஐயர் மறைந்தார்.

அவருடைய பதிவுகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன, பெரும்பாலும் மோசமான ஒலித்தரத்தில். இந்த வார இறுதியில் உங்கள் டிரம்ஸ் இல்லாத டிராக்கை ஓடவிட்டு உட்காரும்போது ஒன்று செய்து பாருங்கள். முதல் சுற்று முழுக்க குச்சியை மடியில் வைத்துக்கொண்டு பாட்டை மட்டும் கேளுங்கள். இரண்டாவது சுற்றில், பாட்டு கேட்கும் இடத்தில் மட்டும் ஒரு அடி வையுங்கள். அதைப் பதிவு செய்து அடுத்த நாள் போட்டுக் கேளுங்கள். எந்த அடியை எடுத்துவிடலாம் என்று உங்களுக்கே தெரியும்.